வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சேவியர்,

உன் கல்யாணத்துக்கு எடுக்கவேண்டிய புடவையைப் பற்றி எழுதலாம் என்றுதான் போன வாரம் தாள் எடுத்து வைத்தேன். அந்தத் தாளில் இப்போது வேறு எழுதவேண்டியதாகிவிட்டது. நான் அதிர்ந்துபோயிருக்கிறேன். என் வயதில் ஒருத்தி இப்படிச் சொல்லிக்கொள்வது அழகில்லை என்றுதான் கன்னியர் மடத்துப் பள்ளியில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அழுகையும் ஆத்திரமும் அறைக்குள்ளே, வெளியே வந்தால் முதுகு நேராக இருக்கவேண்டும். உன் அப்பா இறந்த அன்றுகூட விழுப்புரம் ரயில்வே காலனியில் யாரும் என் முதுகு வளைந்து பார்த்ததில்லை. ஆனால் முந்தின ஞாயிறு மத்தியானம் திண்டிவனத்துப் பந்தலில் என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய அடி வெள்ளிக்கிழமை விழுந்தது. அதைக் கொடுத்தவன் நீ. பிலாயில் இருந்துகொண்டு, எனக்கு ஒரு வரி எழுதாமல் கொடுத்தாய். அதனால் இதை முழுவதும் உட்கார்ந்து படி. நடுவில் எழுந்து தேநீர் போடப் போகாதே.

எல்லாம் ஒரு நாளால் வந்தது என்பதால் நாட்களைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும். நான் பெரிய வகுப்புக்கு வந்த வருஷங்களில், நவம்பர் மாதம் பதினொன்றாம் தேதிக்காகப் பள்ளியில் சிவப்புக் காகிதப் பூச் செய்வோம். சீமையில் நடந்த பெரிய யுத்தம் அந்தத் தேதியில்தான் நின்றதாம். சிப்பாய்கள் செத்து விழுந்த வயல்களில் அந்தப் பூ முளைத்ததாம். அந்தப் பூவை எங்களில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் இதழ் இதழாக வெட்டி, கம்பியில் கோத்து, தகர உண்டியலைக் குலுக்கிக்கொண்டு விற்போம். காலை பதினொரு மணிக்கு மௌனமாக நிற்போம். என் பக்கத்தில் நின்றவள் கெடாரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அவளுடைய சித்தப்பா அந்த யுத்தத்துக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பவே இல்லை. எங்கேயோ இருக்கும் வயலுக்காக நாங்கள் எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். பக்கத்தில் நின்றவளிடம் அவள் சித்தப்பா பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சுதந்திரம் வந்தபிறகு அந்தப் பூ போய், டிசம்பரில் கொடி நாள் வந்தது. நான் அப்போது திண்டிவனத்தில் தலைமையாசிரியை. அதே தகர உண்டியலை வேறு வர்ணம் அடித்து எடுத்துக்கொண்டேன். நீ சின்னப் பையன். வர்ணம் காயும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, "டப்பா அதே டப்பாதானேம்மா? ஒட்டியிருக்கற பேருதானே வேற?" என்று கேட்டாய். உனக்குப் பதில் சொன்னது உன் அப்பா. அவர் ரயிலில் கார்டு வேலை முடித்து வந்து, தொப்பியைக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "உங்கம்மா எல்லாத்துக்கும் ஒரு நாள் வெச்சிக்கினு வர்றா. சிப்பாய்க்கு ஒரு நாள், மரத்துக்கு ஒரு நாள். ரயில்வே கார்டுக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லுடா, அன்னிக்குப் பச்சைக் கொடிய அவளே வந்து ஆட்டட்டும்" என்றார். நான் முறைத்தேன். அவர் விடவில்லை. "கேக்கறேன், தப்பா? மீதி நாளெல்லாம் என்னா பண்றதுனு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறீங்களே, டீச்சரம்மா" என்றார். அவர் என்னை டீச்சரம்மா என்று கூப்பிட்டால் கேலி என்று அர்த்தம். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

சென்ற செப்டம்பரில் ஆசிரியர் தினம் என்று புதிதாக ஒன்று வந்ததே, அதற்கும் என்னைப் பழைய பள்ளிக்கு அழைத்து மாலை போட்டார்கள். ஒரு பெண் காலில் விழுந்தாள். மறுநாள் பேனா வாங்கக் கடைக்குப் போனால், அதே பெண் என் தோளை இடித்துக்கொண்டு முந்திப் போய்த் தனக்கு வேண்டியதை வாங்கினாள். மாலை இன்னும் என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உனக்கு எழுதியபோது நீ சிரித்துப் பதில் போட்டாய். நானும் சிரித்தேன். அது என்னைப் பற்றிய கதையும்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இப்போது என் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதன் ஆரம்பம் உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பிரெஞ்சு தேசத்தவர் ஒருவர் ஆப்பிரிக்காவில் பயணம் போனபோது வழியில் வண்டி நின்றுவிட்டதாம். புதர் மறைவிலிருந்து சிலர் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர் கிட்டே போனதும் ஓடி ஒளிந்திருக்கிறார்கள். ஊரார் விரட்டிவிட்ட குஷ்ட நோயாளிகள் அவர்கள். அதன்பிறகு அவர் உலகத்தாரிடம் வருஷத்தில் ஒரு ஞாயிறு கேட்டார். ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு. சேசுநாதர் குஷ்டரோகியைக் குணமாக்கிய சுவிசேஷம் கோயிலில் வாசிக்கப்படும் காலம் என்பதால் அதைத் தேர்ந்தாராம். நோயாளிக்கு மருந்து வந்துவிட்டது, இனி மற்றவர்களுடைய பயத்துக்குத்தான் வைத்தியம் வேண்டும், அதற்கு ஒரு நாள் கொடுங்கள் என்பதே அவர் கேட்டதன் பொருள். புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு சகோதரி இதை எனக்குச் சொன்னார். மறு வருஷமே நான் திண்டிவனத்தில் அதைத் தொடங்கிவிட்டேன்.

எப்படி நடத்தினேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை. மருந்து கொடுக்கும் கொட்டகைக்கு எதிரே பந்தல். மேடையில் டாக்டர், நகராட்சித் தலைவர், நான். எங்களுக்கு முன்னால் நீள மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் நோயாளிகளுக்கு பெஞ்சு. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு சோப்பு, ஒரு பொட்டலம் இனிப்பு. அதை யாரும் கையில் கொடுக்கக்கூடாது என்பது என் ஏற்பாடு. பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துவிடுவேன். ஒவ்வொருவராக வந்து எடுத்துக்கொண்டு கும்பிட்டுப் போவார்கள். தள்ளுமுள்ளு இல்லை, ஒழுங்கு இருக்கும் என்று சொல்வேன். டாக்டர் ஒருமுறை, "கையிலேயே குடுக்கலாமே அம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். "வரிசை கெட்டுவிடும் டாக்டர்" என்றேன். பிறகு எழுந்து, இந்த நோய் தீரக்கூடியது, இவர்களை ஒதுக்காதீர்கள், வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், வேலை கொடுங்கள், பெண் கொடுங்கள் என்று பேசுவேன். பெண் கொடுங்கள் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். அங்கே கைதட்டல் வரும்.

பிலோமினாவை உனக்கு நானே தேர்ந்தெடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். திண்டிவனத்தில் என் பழைய பள்ளிக்குப் போனபோது அந்த இளம் ஆசிரியை கரும்பலகையில் கோடு போடாமல் நேராக எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்தைப் பார்த்தேன், பொத்தான் துளை தைத்திருந்ததைப் பார்த்தேன், இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டேன். அனந்தபுரம் பக்கத்தில் மல்லாட்டைக் கடலை போடும் விவசாயி வீடு, நம் சபைதான், நல்ல குடும்பம். கிறிஸ்மஸுக்கு நீ வந்தபோது நிச்சயம் செய்தோம். நீங்கள் இருவரும் கோயில் குடிலுக்கு முன்னால் அரைமணி நேரம் அசையாமல் நின்றதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அதை நான் பக்தி என்று நினைத்தேன்.

முந்தின ஞாயிறு காலை விழுப்புரம் கோயிலில் மூன்று ஞாயிறு படிக்கவேண்டிய உங்கள் கல்யாண அறிவிப்பில் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. அதே பூசையில் அந்தச் சுவிசேஷமும் வந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர் நோயாளியைக் கண்டதும் கையை நீட்டித் தொட்டார் என்று சாமியார் தமிழில் படித்தார். நான் அதைக் கேட்கவில்லை, என் மத்தியானப் பேச்சை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். உன் பெயரும் அவள் பெயரும் வந்தபோதுதான் காது திறந்தது. இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வழக்கம்போல் முடித்தார். அதே நேரத்தில் திண்டிவனத்துக் கோயிலிலும் அதே ஓலை வாசிக்கப்பட்டது. அங்கே அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றைய நன்றியுரையை பிலோமினா சொல்லவேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான். எனக்கு மருமகளாக வரப்போகிறவளை ஊர் பார்க்கட்டும் என்ற ஆசை. மேடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். நான் பேசினேன், தாம்பாளம் முடிந்தது, அவள் எழுந்து மைக் முன்னால் போனாள். டாக்டருக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, எனக்கு நன்றி. அதோடு உட்காருவாள் என்று பார்த்தேன்.

"இந்தக் கொட்டகைக்கும் நான் நன்றி சொல்லணும்" என்றாள். "பத்து வயசுல எனக்கு முதுகில ஒரு தேமல் வந்தது. இதே வியாதி. ஆறு வருஷம் இங்க வந்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். அதோ அந்த ஓரத்து பெஞ்சியிலதான் உக்காந்திருப்பேன். அப்புறம் டாக்டர் குணமாயிடுச்சு, இனிமே வரவேணாம்னார். இன்னிக்குக் காலையில என் கல்யாணத்துக்கு மொத ஓலை படிச்சாங்க. எதனா தெரிஞ்சவங்க சொல்லணும்னாங்க. எனக்குத் தெரிஞ்சது இது. சொல்லிட்டேன். எல்லாருக்கும் நன்றி."

பெஞ்சுப் பக்கமிருந்து ஒரு கிழவர் மட்டும், "நல்லாச் சொன்னே, பாப்பா" என்றார். பிலோமினா தன் நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். அதன்மேல் என் கைப்பை இருந்தது. அவள் எழுந்து போனபோது நான் வைத்தது. அதை எடுக்கவேண்டும். ஒரு கையை நீட்டினால் போதும். சேவியர், என் கை என் மடியில் கிடந்தது. அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காத்திருந்தாள். பிறகு படியிறங்கி மேசைக்கு அந்தப் பக்கம் போய் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். உடனே நாட்டுப்பண் என்று அறிவித்தார்கள். எல்லாரும் எழுந்துவிட்டதால் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியாமல் போயிற்று. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலையிலேயே கோலியனூரிலிருந்து உன் மாமா வந்துவிட்டான். "அக்கா, நீ ஜல்தியா போய் சாமியாரைப் பாரு. ரெண்டாவது ஓலை படிக்கக் கூடாதுனு சொல்லிட்டு வா. கடைவீதி பூரா பேசிக்கினு இருக்காங்க" என்றான்.

"என்ன பேசறாங்க?"

"என்னா பேசுவாங்க? பெருவியாதிக்காரிய மருமவளா இட்டார்றாங்கனு பேசறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் சோடா குடிச்சிக்கினு இருந்தேன். பாதியில வெச்சிட்டு வந்துட்டேன்." அவன் மூச்சு வாங்கினான். "வருஷா வருஷம் அவங்களுக்குத் துண்டு குடுத்தியே, அது போதாதாக்கா? பையனையும் குடுக்கணுமா?"

அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து என் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதேதான். அவன் என்னைவிட நேர்மையானவன், வாய்விட்டுச் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவன் போகிற வழியிலேயே சாமியாரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

புதன்கிழமை பிலோமினாவின் அப்பா வந்தார். பை நிறைய வறுத்த மல்லாட்டை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. "நாங்களே நிறுத்திக்கிறோம்ங்க. உங்களுக்கு எதுக்குப் பேஜாரு? பொண்ணு வீட்ல வேணாம்னுட்டாங்கனு சொல்லிக்கங்க, உங்க மேல சொல்லு வராது" என்றார். ஏன் நிச்சயத்தின்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லலாம்னுதாங்க வந்தேன். நீங்க அவ கையெழுத்தப் பாத்து அம்மாம் சந்தோசப்பட்டீங்க. எனக்கு வாயி வரல." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வராது, டீச்சரம்மா. பழக்கம் அப்பிடி. வாராவாரம் சைக்கிள்ல பின்னாடி அரை மூட்டை மல்லாட்டை, முன்னாடி கம்பியில பொண்ணு. சந்தைக்குப் போறேன்னு ஊர்ல சொல்லிக்கினு திண்டிவனம் வருவேன். மாத்திரைய வாங்கிக்கினு அதே மூட்டையோட திரும்பிப் போவேன். 'இன்னாய்யா, விக்கலியா'ம்பாங்க. 'ரேட்டு படியல'ம்பேன். ஆறு வருசமா எனக்கு ரேட்டே படியலைங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு இருவரும் வேறு பக்கம் பார்த்தோம். ஒரு முடிவும் சொல்லாமல் அவரை அனுப்பினேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவள் தங்கியிருக்கும் அறையில் கல்யாண ரவிக்கைத் துணி மேசைமேல் மடித்தபடி கிடந்தது. தையற்கார அம்மாள் அளவெடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டாளாம். பிலோமினா அதைச் சாதாரணமாகச் சொன்னாள். நிச்சயத்துக்குப் பிறகு என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்று பழையபடி டீச்சர் என்றாள்.

"என்கிட்டத் தனியா ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்றதுக்கு ரெண்டு தடவை கெளம்பினேன், டீச்சர். அவர் வேணாம்னார்."

"எவர்?"

"அவர்தான். குடில் பாக்கும்போதே அவர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அது ஒரு விசயமே இல்லைனுட்டார்."

"அப்புறம் என்கிட்ட மட்டும் ஏன் வேணாம்? என்ன சொன்னான்?" அவள் மேசைமேல் கிடந்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். "சொல்லு. அவன் சொன்னபடியே சொல்லு."

அவள் ரவிக்கைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'எங்கம்மாவுக்கு அது வருஷத்துல ஒரு நாள் சமாசாரம், பிலோமி. மத்த நாள்ல தெரிய வேணாம்'னார்."

இத்தனை வருஷம் என் பேச்சை முதலில் கேட்டவன் நீ. எழுதி முடித்ததும் உனக்குத்தான் படித்துக் காட்டுவேன். பெஞ்சு தூக்கிப் போட்டவன் நீ, பந்தலின் கடைசியில் நின்று என் குரல் எட்டுகிறதா என்று கையசைத்தவன் நீ. நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நீ நம்பவில்லை. இல்லை, அது சரியல்ல. வார்த்தைகளை நம்பினாய், அதனால்தான் அவளிடம் அது ஒரு விஷயமே இல்லை என்றாய். சொன்னவளைத்தான் நம்பவில்லை. பொய் சொல்லியிருந்தாயானால் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் மயிலம் கூட்டு ரோடு தாண்டும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த ஞாயிறு முடிந்து வீடு வந்தால் நான் நேரே பின்பக்கம்தான் போவேன். வாசல்படி ஏறமாட்டேன். கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு, கட்டியிருந்த புடவையைத் தனியாக வெந்நீரில் போடுவேன். பஸ் புழுதி என்று சொல்வேன். மற்ற நாட்களிலும் அதே பஸ்ஸில்தான் போய்வந்தேன். அந்த ஒரு நாள் மட்டும் எனக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவன் நீ. ஒரு கேள்வியும் கேட்காமல் இறைத்தாய்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் ஒரு நாள் கேட்டது, அதிலிருந்து தொடங்கட்டும் என்று. நான் அந்த ஒரு நாளிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, தலைமுழுகிவிட்டு வந்திருக்கிறேன். அப்பா கேலியாகக் கேட்டாரே, மீதி நாளெல்லாம் என்ன செய்வது என்று, அதற்கு இத்தனை வருஷம் கழித்து நீ குடிலடியில் பதில் சொல்லியிருக்கிறாய். ஆனாலும் உன்னையும் நான் விடப்போவதில்லை. என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவன், என்னிடம் வந்து சொல்லியிருக்கவேண்டும். சண்டை வந்திருக்கும், வந்திருக்கட்டும். அதற்குப் பயந்து அவளை வாய்மூடச் சொன்னாய். அவள் அப்பா ஆறு வருஷம் சுமந்து திரும்பிய அந்த மூட்டையை நீ அவள் தலையில் ஏற்றப் பார்த்தாய், அதுவும் ஆயுள் முழுக்க, என் வீட்டுக்குள்ளேயே. அவள் அதை ஊர் நடுவில் இறக்கிவைத்தாள். கல்யாணம் ஆனபிறகு எதை வேண்டுமானாலும் என்னிடம் மறைத்துக்கொள், அவளை மறைக்கச் சொல்லாதே. எனக்காக என்று மட்டும் சொல்லாதே.

சனிக்கிழமை சாமியாரைப் பார்க்கப் போனேன். அவரே கேட்டார். "ரெண்டாவது ஓலை படிக்கலாமா, நிறுத்திவைக்கலாமா அம்மா?"

"இது விக்கினமா சாமி?"

"சபைச் சட்டப்படி இல்லை."

"அப்புறம் ஏன் கேக்கறீங்க?"

"உங்க தம்பி வந்து சொன்னார்."

"அவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு சாமி. இந்த ஓலை அவனுக்கு இல்லை" என்றேன்.

நேற்று இரண்டாவது ஓலை வாசித்தார்கள். பிலோமினாவையும் அவள் அப்பாவையும் விழுப்புரத்துக்கே வரச் சொல்லியிருந்தேன். பெண்கள் பக்கம், முன்வரிசையில், அவளை என் பாயில் உட்காரவைத்துக்கொண்டேன். எங்களைச் சுற்றி ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். கோயிலில் இத்தனை வருஷமாக எனக்கு அவ்வளவு காற்று வந்ததில்லை. விக்கினம் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் நிறுத்தியபோது நான் திரும்பிப் பார்த்தேன். உன் மாமா தூணடியில் நின்று தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூசை முடிந்ததும் வந்து, "சாப்பாடு எங்கக்கா, உன் வீட்லயா?" என்று மட்டும் கேட்டான். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டான், ஆனால் சாப்பிட்டான்.

இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைப் பங்குக் கோயிலின் மாத இதழுக்குக் கொடுக்கிறேன். பிலோமினாவிடம் கேட்டேன், மைக்கில் சொன்னதுக்கு அப்புறம் தாளில் என்ன பயம் என்றாள். அவள் அப்பாவும் மூட்டைக் கதையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார், சந்தைக்காரர்கள் படித்தால் படிக்கட்டும் என்றார். அந்தப் பந்தலில் இருந்தவர்கள் என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள், கைப்பையைப் பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் அந்த நீள மேசையைப் போடவேண்டாம் என்று எழுதிவிட்டேன். மேடையும் வேண்டாம். ஆனால் அது அடுத்த வருஷத்துக் காரியம். அதுவரை இருக்கும் நாட்களுக்கு என்ன செய்வேன் என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை. பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். நீ லீவு கிடைத்ததும் ரயிலேறு. வந்ததும் முதலில் என்னைப் பார்க்காதே, திண்டிவனத்தில் இறங்கி அவளைப் பார்த்துவிட்டு வா.

நேற்றுச் சாப்பாடு முடிந்து, ஆண்கள் வெளியே பேசிக்கொண்டிருந்தபோது, ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு பிலோமினாவை உள்ளறைக்கு அழைத்துப் போனேன். நானே தைத்துவிடுவதாகச் சொல்லி டேப்பை எடுத்தேன். அவள் மறுத்துப் பார்த்தாள், பிறகு எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். இடது தோளுக்குக் கீழே, உள்ளங்கையால் மூடிவிடலாம் என்ற அளவில், நிறம் கொஞ்சம் வெளுத்து, சூடு பட்டு ஆறிய தோல் மாதிரி இருந்தது. நான் எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பிறகு டேப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு, அதன்மேல் கையை வைத்தேன். அவள் திரும்பவும் இல்லை, அசையவும் இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளவு எடுத்துட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"இல்லை. கை வெச்சிருக்கேன்."

"எங்க?"

"அங்கதான்."

"அந்த எடத்துல எனக்கு ஒண்ணும் தெரியாது, அத்தை. தொட்டாலும் தெரியாது" என்றாள்.

"அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

வெளியே உன் மாமா எதற்கோ சிரித்தான், அவள் அப்பாவும் சிரித்தார். மல்லாட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் கழித்து, மெதுவாக, "இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

உன் அம்மா